உள்ளங்கை அளவு ஈரம்

அந்தாள நெனச்சா எனக்கு மொதல்ல கட்ட வெரலுதான் வருது. மூஞ்சி அப்பறம்தான். வலது கைக் கட்ட வெரலு. நகத்துக்கு உள்ள நீலமா ஒரு கற. எம்புட்டுத் தேச்சாலும் போகாது. மதுர வில்லாபுரத்துல அவுகளுக்குத் தாத்தா காலத்துல இருந்து நூலுக்குச் சாயம் போடுற தொழிலு. வீட்டுக்குள்ள சௌராஷ்டிர பாஷ பேசுவாக, வெளிய வந்தா நம்மள மாதிரி மதுரத் தமிழு. பேரச் சொல்லி எங்க பக்கத்துல யாரும் கூப்புட்டதில்ல. சாயக்காரருன்னுதான் சொல்லுவோம். நானும் அப்பிடியே சொல்லிட்டுப் போறேன்.

ஆளு இப்ப இல்ல. போன தை மாசம் போய்ச் சேந்துட்டாரு. நான் மால வாங்கிட்டுப் போனேன். படுக்க வச்சிருந்தாக. ரெண்டு கைக் கட்ட வெரலையும் சேத்துத் துணியில கட்டியிருந்தாக. எல்லாருக்கும் கட்டுறதுதான். ஆனா பாத்த ஒடன எனக்கு என்ன நெனப்பு வந்துச்சு தெரியுமா? இனிமே யாரு மீனையும் அமுக்கிப் பாக்க முடியாதுல்ல, அப்பிடின்னு. எழவு வீட்டுல நின்னுக்கிட்டு நெனக்கிற நெனப்பா அது? எனக்கே கேவலமாப் போச்சு. வேகமா மாலயப் போட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

எங்க காடு பேரையூருக்கும் எழுமலைக்கும் நடுவுல கெடக்கு. மழ பேஞ்சாப் பருத்தி, பேயலன்னாக் கருவேல முள்ளு. கெணறு வத்தி, போரு போட்டு, அதுவும் காத்தாப் போயி, இன்னொரு போருல கொஞ்சம் தண்ணி வந்தப்ப, குட்ட தோண்டி மீன் விட்டாப் பொழைக்கலாம்னு சொன்னாக. பொக்லைன் விட்டுத் தோண்டுனேன். அந்தப் பக்கமே எனக்கு முந்தி யாரும் மீன் விட்டதில்ல. மீன்காரரு வீடு எதுன்னு கேட்டா என் வீட்டத்தான் காட்டுவாக. எனக்குப் படிப்பு இல்ல, கைநாட்டு. ஆனா கண்மாய் வத்துற காலத்துல ஊரே சேத்துக்குள்ள எறங்கும்ல, அப்ப இருந்து மீன் தின்னு வளந்த ஆளு. அயிர, கெளுத்தி, விராலு, எதையும் கண்ணக் கட்டிக்கிட்டு வாயில வச்சாச் சொல்லிருவேன். அந்த மெதப்புல ரெண்டு வருசம் ஓடுச்சு.

அப்பறம் அவரு வந்தாரு.

ஒரு பழைய மொபெட்டு. முன்னால டிபன் கேரியரு, பின்னால ஒரு மூட்ட சுண்ணாம்பு. என் வரப்புக்கு மேக்க இருந்த காட்ட வாங்கிட்டாரு, அவரும் மீன் விடப் போறாருன்னு பேச்சு. டீக்கடையில வச்சு நானே வாயக் குடுத்தேன்.

"அண்ணே, ஒங்க வீட்டுல மீனு கொழம்பா, வறுவலா?"

"நாங்க சாப்புடுறதில்லண்ணே. முட்ட கூட வீட்டுக்குள்ள வராது."

கடையில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. "திங்கத் தெரியாதவரு வளத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீக?"ன்னு கேட்டேன்.

அவரு கிளாசக் கீழ வச்சுட்டு நெதானமாச் சொன்னாரு. "பட்டுச் சேல நெய்யுறவன் எல்லாம் சேல கட்டிக்கிட்டா அலையுறான்?"

சிரிப்பு அப்பிடியே என் பக்கம் திரும்பிருச்சு. அன்னைக்குப் புடிச்ச வீம்புதான் எனக்கு.

அவரு எப்பிடி மீன் பாப்பாருன்னு சொல்றேன். வல போட்டு இழுத்ததும் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே ஒரு மீனக் கையில எடுப்பாரு. முதுகுத் துடுப்புக்குக் கீழ, சத நல்லா தடிச்சுக் கெடக்குற எடத்துல கட்ட வெரல வச்சு அமுக்குவாரு. எடுத்துருவாரு. குழி விழும். அது மேல வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே என்னமோ முணுமுணுன்னு சொல்லுவாரு. நான் ரொம்ப நாளா அது மந்திரம்னு நெனச்சேன். அப்பறம்தான் தெரிஞ்சது, அவுக பாஷையில ஒண்ணு ரெண்டு எண்ணுறாருன்னு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள குழி நெரவிருச்சுன்னா மீன் தேறிருச்சு. நெரவலன்னா திரும்பக் கொளத்துக்கே.

அதோட விட மாட்டாரு. அடுத்தது துணி. அவரு கையால நெய்ஞ்ச வெள்ளத் துணி ஒண்ணு, மோட்டார் ரூம்பு ஆணியில தொங்கும். ஒரு மீன அறுத்து, அதுல ஒரு துண்டச் சதப்பக்கம் கீழ இருக்குற மாதிரி அந்தத் துணியில வைப்பாரு. வச்சுட்டுப் போயித் தொட்டியில முங்கிக் குளிச்சு, வேட்டி மாத்தி, கேரியரத் தொறந்து புளியோதரை சாப்புடுவாரு. ஒரு பருக்க சிந்தாது. கைய அலம்பிட்டு வந்து துண்டத் தூக்குவாரு. துணியில ஈரம் வட்டமாப் படிஞ்சிருக்கும். அந்த வட்டத்து மேல தன் உள்ளங்கைய வைப்பாரு. கைக்குள்ள அடங்குனா வியாபாரிய வரச் சொல்லலாம். கையத் தாண்டி ஈரம் தெரிஞ்சா அந்தக் கொளத்துல இன்னும் ரெண்டு மாசத்துக்கு யாரும் வல போடக் கூடாது.

"துணி மாதிரித்தாண்ணே," அப்பிடிம்பாரு. "இழ இறுக்கமா இருந்தாத் தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். பேனு, புழு எது ஒட்டுனாலும் மொதல்ல ரத்தத்தக் குடிக்கும், மீனு தின்ன தீனியெல்லாம் அதுக்கே போயிரும், சத தளந்து போகும். வெளிய பாத்தாத் தெரியாது. சட்டியில போட்டா ஒழுகிரும்."

ஆயுசுல மீன நாக்குல வைக்காத மனுசன் எனக்கு மீன் சதயப் பத்திச் சொல்லுறாரு. நான் கேட்டுக்கிட்டு நிக்கணும்.

இதுல இன்னொண்ணு. மீன அறுக்குறது அவரு இல்ல, எம் பொண்டாட்டி. அவருக்குக் கத்தி புடிக்க மனசு வராது. "தங்கச்சி, செத்த வாரியாம்மா"ன்னு வரப்புல நின்னு கூப்புடுவாரு. இவ அருவாமனையத் தூக்கிக்கிட்டு ஓடுவா. அவ அறுக்கயில அவரு மலைப் பக்கம் திரும்பி நின்னுக்குவாரு. என்னைய அண்ணேம்பாரு, அவளத் தங்கச்சிம்பாரு. "மொற இடிக்குதே, அண்ணன் பொண்டாட்டின்னா மதினில்ல?"ன்னு ஒருக்காக் கேட்டேன். "ரெண்டு பேரும் எனக்குக் கூடப்பொறந்தவுகதான்"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. 

அறுத்த மீனு எங்க வீட்டுக்குத்தான். அவரு எங்க கொண்டு போவாரு? இவ கொழம்பு வைப்பா. நான் திம்பேன். திங்காம இருக்கலாம்ல, வீம்புக்காவது? முடியாது. சத அப்பிடியே இதழு இதழாக் கழண்டு வரும். மறுநா சூடு பண்ணுனாலும் துண்டு துண்டாவே கெடக்கும். என் நாக்கே எனக்கு எதிரியாப் போச்சு.

மறுநாக் காலையில அவரு வருவாரு. "எப்பிடி இருந்துச்சு தங்கச்சி?"ன்னு கேட்டுட்டுக் கண்ண மூடிக்குவாரு. இவ சொல்லுவா பாருங்க. என்னோட குடும்பம் நடத்துன இத்தன வருசத்துல அம்புட்டுப் பேச்சு என்கிட்டப் பேசுனதில்ல. "முள்ளுல ஒட்டாம வந்துச்சுண்ணே. புளி உள்ள எறங்கியிருந்துச்சு, ஆனா சத சத மாதிரியே இருந்துச்சு. வயித்துப் பக்கம் நெய்யாட்டம் கரைஞ்சுச்சுண்ணே. வாலுப் பக்கம் பல்லுக்கு வேல இருந்துச்சு." அவரு கண்ண மூடுனபடியே தலைய ஆட்டுவாரு. வெரல வச்சுத் தான் பாத்ததும், இவ நாக்கால பாத்ததும் ஒத்து வருதான்னு கணக்குப் போடுறாராம்.

நான் ஒருக்கா என் குட்ட மீனக் கொண்டாந்து குடுத்தேன். தின்னா. பாத்திரத்தக் கழுவப் போயிட்டா. பின்னாலயே போயி, "எப்பிடி இருந்துச்சு?"ன்னேன்.

"மீனு மாதிரி இருந்துச்சு."

அம்புட்டுத்தான். அன்னைக்கு இருந்து எனக்கு ஒரே ஒரு ஆசதான். எம் மீனத் தின்னுட்டும் அவ ஒரு நாளாவது அப்பிடிப் பேசணும். காசு பணம் எல்லாம் அதுக்கு அப்பறம்தான்.

ஒரு மாசியில என் குட்டையில மீனு துள்ள ஆரம்பிச்சுச்சு. சாயங்காலம் வெயிலு எறங்குற நேரத்துல பாத்தா அங்கிட்டொண்ணு இங்கிட்டொண்ணு எகிறும். கரையில வந்து ஒடம்ப உரசிட்டு ஓடும். எனக்குச் சந்தோசம்னா சந்தோசம் அப்பிடியொரு சந்தோசம். மீனு வெளஞ்சு தெனவெடுத்துத் துள்ளுதுன்னு நெனச்சுட்டேன். அவரு கொளம் கம்முன்னு கெடக்கும். என்னுது மட்டும் திருவிழா. எம் மச்சினன எழுமலையில இருந்து வரச் சொன்னேன், இதக் காட்டுறதுக்குன்னே.

மச்சினன் கட்டில்ல உக்காந்து வாயப் பொளந்து பாத்தான். "மாப்ள, என்னய்யா தீனி போடுற? ஒவ்வொண்ணும் பந்து மாதிரி எகிறுது!"

அந்த நேரம் பாத்துச் சாயக்காரரு வரப்புல வந்து நின்னாரு. கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்தாரு. அப்பறம், "அண்ணே, அது வெளையாட்டு இல்ல. சொறிஞ்சுக்கிருது"ன்னாரு.

"என்னது?"

"பேனு. ஒண்ணப் புடிச்சுத் துடுப்புக்கு அடியில பாருங்க. உளுந்தந் தொலி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். கண்ணாடி மாதிரி, உத்துப் பாத்தாத்தான் தெரியும்."

மச்சினன் என்னையப் பாக்குறான். நான் கத்துனேன். "ஒங்க கொளத்து மீனு சோம்பேறி, அதான் துள்ளல. நல்லா இருக்குறதப் பாத்தா ஒங்களுக்குப் பொறுக்கலயா?"ன்னேன். யாருக்குப் பொறுக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் கத்துனேன்.  "உப்புத்தண்ணியில முக்கி விட்டாக் கொஞ்சம் கழலும்ணே. கொளத்தக் காயப்போடாமத் தீராது"ன்னுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு.

அவரு போனப்பறம் ஒண்ணப் புடிச்சுப் பாத்தேன். இருந்துச்சு. அப்பிடியே தண்ணியில விட்டுட்டேன்.

அந்த வீம்புலதான் மச்சினன் வீட்டு விருந்துக்கு அந்த மீன அனுப்புனேன். அவனுக்குப் புது மருமகன், மொத விருந்து. மறுநாப் போனு வருது. "மாப்ள, சட்டிக்குள்ள கரண்டி விட்டுத் தேடிக்கிட்டிருக்கேன். முள்ளு இருக்கு, தல இருக்கு, மீனக் காணோம். எங்கயாச்சும் எகிறிப் போயிருச்சா?" அவன் வீட்டுல பத்துப் பேரு சிரிக்கிற சத்தம் கேக்குது. புது மருமகனும் அதுல சிரிச்சிருப்பான்.

தின்னவுகளுக்கு ஒண்ணும் ஆகல. அது ஆகாது. வேக வச்சாப் பேனு கீனு எல்லாம் செத்துரும். போனது ருசிதான். ஆனா எனக்கு அதுதான எல்லாம்?

இப்ப, செய்யக் கூடாத ஒண்ணச் செஞ்சேன். அதச் சொல்லாம அந்தாளப் பத்திச் சொல்ல முடியாது.

அவரு கொளத்துக்கு ஒரு கட்டுப்பாடு. வெளியாளு வல உள்ள போகக் கூடாது. எறங்குற எடத்துல ஒரு தொட்டியில உப்புத்தண்ணி வச்சிருப்பாரு, கால நனைச்சுட்டுத்தான் எறங்கணும், அது யாரா இருந்தாலும். பேனு எதுல வேணாலும் ஒட்டிக்கிட்டு வருமாம். அந்த வருசம் மதுரையில ஒரு மெஸ்ஸுக்காரரு அவரு கொளத்து மீன மொத்தமா எனக்கே வேணும்னு சொல்லிவிட்டாரு. வியாபாரி வேன எடுத்துக்கிட்டு வந்து நாளு குறிச்சுட்டுப் போனான். போறவன் என் குட்டைய எட்டிக் கூடப் பாக்கல. "ஒங்களுது அப்பறமாப் பாப்போம் பெருசு"ன்னுட்டு வண்டியில ஏறிட்டான்.

வெள்ளிக்கெழம மத்தியானம். வெள்ளிக்கெழமன்னா அவரு காட்டுப்பக்கம் வர மாட்டாரு. இவ ரேசன் கடைக்குப் போயிருந்தா. உச்சி வெயிலு, ஒரு காக்கா கூட இல்ல. வாளிய எடுத்தேன். என் குட்டக் கரையோரம் நின்ன மீனுல அஞ்ச அள்ளுனேன். அள்ளுறது லேசா இருந்துச்சு. ஏன் லேசா இருந்துச்சுன்னு அப்ப நான் யோசிக்கல. வரப்பத் தாண்டிப் போயி அவரு கொளத்துல சாச்சு விட்டேன். அவரு உப்புத்தண்ணித் தொட்டியத் தாண்டித்தான் போனேன். காலக் கூட நனைக்கல.

எண்ணி ஒரு மாசம். அவரு கொளமும் துள்ள ஆரம்பிச்சுச்சு.

வேன் வந்த அன்னைக்கு நான் என் வரப்புலயே நின்னுக்கிட்டேன். அவரு மீன எடுத்தாரு, அமுக்குனாரு, எண்ணுனாரு. திரும்பவும் மொதல்ல இருந்து எண்ணுனாரு. இவ போயி அறுத்துக் குடுத்தா. துணியில வச்சாரு, குளிச்சாரு, சாப்புட்டாரு. அன்னைக்கும் ஒரு பருக்க சிந்தல. வந்து துண்டத் தூக்குனாரு. கைய வச்சாரு. அவரு கை சின்னக் கை, பொம்பளக் கை மாதிரி. நாலு பக்கமும் ஈரம் வெளிய தெரிஞ்சது.

"அனுப்ப முடியாது தம்பி"ன்னாரு.

வியாபாரி குதிச்சான். "என்னண்ணே வெளையாடுறீங்க? ஐஸோட வந்து நிக்கிறேன். எடையில கூடக் கொறச்சல் இல்ல. மசாலாவக் கூடப் போட்டுப் பொரிச்சா எவனுக்குத் தெரியப் போகுது? தின்னா எவனும் சாகப் போறானா?"

"சாக மாட்டான். எனக்கும் தெரியும்."

"அப்பறம் என்ன?"

"நீ தின்னு பாத்துச் சொல்லலாம், பரவாயில்லன்னு. நான் வாயில வச்சுப் பாக்காதவன். எனக்கு இருக்குறது இந்த ஒரு வெரலும் இந்தத் துணியும்தான். அதுக வேணாம்னு சொல்லிருச்சு. அதுகள மீறி நான் வேற யாரப் போய்க் கேக்குறது?"

வேன் காலியாத் திரும்புச்சு. மெஸ்ஸுக்காரரு வேற எடம் பாத்துக்கிட்டாரு. நான் ஜெயிச்சுட்டேன்தான? அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. பாவம் பாத்து இல்ல. நானா இருந்தா அந்த மீன வண்டியில ஏத்தியிருப்பேன். ஏத்திட்டேன் ஏற்கனவே, மச்சினன் வீட்டுக்கு. அவரால ஏத்தாம இருக்க முடிஞ்சது. அந்த முடிஞ்சது இருக்கு பாருங்க, அதுதான் என்னைய உள்ள போட்டு அரிச்சுச்சு.

கொளத்த எறச்சுக் காயப்போடுறேன்னு, "அண்ணே, கூட ஒரு கை புடிங்க"ன்னு என்னையவே கூப்புட்டாரு. போகாம இருந்தாச் சந்தேகம் வரும். போனேன். கால நனைச்சுட்டு எறங்குனேன். தண்ணி முழங்கால் அளவு. வல ஓரத்த நான் புடிச்சிருக்கேன், இவ கரையில கூடையோட நிக்கிறா. மீனு ஒண்ணொண்ணா அள்ளி உப்புத்தண்ணியில போட்டுக்கிட்டே வாராரு. தவுடு தின்னு கொழுத்த மீனெல்லாம் மெலிய ஆரம்பிச்சிருந்துச்சு.

அப்ப அவரு கையில ஒரு மீனு வந்துச்சு. முதுகு வளஞ்ச மீனு.

அது எங்க குட்டையில கெடந்த கூனி. குஞ்சுல இருந்தே அதுக்கு முதுகு கோணல். இவதான் பேரு வச்சா. தெனமும் தவுட்ட உருண்ட புடிச்சுத் தண்ணிக்குள்ள கைய விட்டா, வந்து கையிலயே தின்னுட்டுப் போகும். ஆளக் கண்டா வெலகாது, கரைக்குத்தான் வரும். அன்னைக்கு வாளியில லேசா வந்துச்சுன்னு சொன்னேன்ல. அதான் லேசா வந்துச்சு. இவ கைன்னு நெனச்சு வந்திருக்கு.

இவ பாத்துட்டா. அவரும் பாத்துட்டாரு. அவருக்குத் தெரியாதா, இவ அதுக்குத் தீனி குடுக்குறத எத்தன நாளு நின்னு பாத்திருக்காரு.  அவரு அந்தக் கூன் முதுகுலயும் கட்ட வெரல வச்சு அமுக்குனாரு. எண்ணுனாரு. எண்ணிக்கிட்டே இருந்தாரு. குழி மேல வரவே இல்ல.

"வரப்பத் தாண்டி வந்துருச்சு போலண்ணே"ன்னாரு என்னையப் பாத்து. "உப்புத்தண்ணியில செத்த நேரம் வச்சு ஒங்க கொளத்துல விடுங்க."

இவ கரையில இருந்து கேட்டா. "மழையே இல்லாம எப்பிடிண்ணே தாண்டுச்சு?"

அவரு இவ பக்கம் திரும்பவே இல்ல. "சில மீனு தாண்டும் தங்கச்சி"ன்னுட்டு அடுத்த மீன எடுத்தாரு.

அன்னைக்கு அவரு என்னைய நாலு பேரு முன்னால வச்சு அறைஞ்சிருக்கணும். நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன், சண்ட போட்டிருப்போம், தீந்திருக்கும். அவரு அடிக்கல. மூணாம் நாளு சுண்ணாம்பு மூட்டையோட வாராரு. "ஒங்க கொளத்தையும் சேத்துக் காயப்போட்டுருவோம்ணே. ஒண்ணுல இருந்தா இன்னொண்ணுக்கு வந்துரும்." ரெண்டு கொளத்தையும் பாளம் பாளமா வெடிக்கிற வரைக்கும் காயப்போட்டோம். ரெண்டுலயும் அவரு கையாலயே சுண்ணாம்பு தூவுனாரு. என் குட்டையில நின்னு, என் மண்ணுல, தலையில துண்டக் கட்டிக்கிட்டு. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், விருந்தாளி மாதிரி.

இவ என்கிட்ட அதப் பத்திக் கேட்டது ஒரே ஒரு வார்த்ததான், சோத்தப் போட்டுக்கிட்டே. "அது எங் கைன்னு நெனச்சு வந்துச்சுய்யா." நான் தலையக் குனிஞ்சு தின்னேன். கூனி ரெண்டு நாளுல செத்துப் போச்சு.

அதுக்கப்பறம் அவரு ரெண்டு தடவ மீன் எடுத்தாரு. பழையபடி வெரலு, பழையபடி துணி, பழையபடி "எப்பிடி இருந்துச்சு தங்கச்சி?" பெறகு மூட்டு தேஞ்சு போயி மொபெட்டு ஓட்ட முடியல. மக வந்து, போதும்ப்பான்னு கூட்டிட்டுப் போயிருச்சு. காட்ட வித்துட்டாரு. கடசி நாளு வந்து அந்த வெள்ளத் துணிய மடிச்சு இவ கையில குடுத்தாரு. என் கையில இல்ல. இவ கையில. பக்கத்துல நான் நிக்கிறேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, என் குட்டையில மீனு நல்லா வந்திருந்துச்சு. துள்ளல் இல்ல, உரசல் இல்ல, கம்முன்னு கெடந்துச்சு. அதே வியாபாரி வேனோட வந்து நிக்கிறான். எனக்கு என்ன தோணுச்சோ, மீன எடுத்து அமுக்குனேன். தமிழ்ல எண்ணுனேன். எதுவரைக்கும் எண்ணணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஏழுல நெரவுச்சு. ஏழு நல்லதா கெட்டதா தெரியல. "ஏ புள்ள, அந்தத் துணிய எடு"ன்னேன்.

அறுத்து வச்சா. நான் குளிச்சுட்டு வந்து பழைய கஞ்சியக் குடிச்சேன். துண்டத் தூக்குனேன். என் உள்ளங்கைய வச்சேன். சுத்தமா அடங்கிருச்சு! வியாபாரியப் பாத்து வலயப் போடுன்னு வாயெடுக்குறேன், இவ சொல்றா: "ஒங்க கை மம்பட்டி புடிச்ச கையில்ல? அதுல எது வச்சாலும் அடங்கும். அவரு கை அளவுக்குப் பாருங்க."

"அந்தக் கைக்கு நான் எங்கடி போவேன்?"

அவ தன் கைய வச்சா. அவ கையும் அவரு கையும் ஒரே அளவாம். எப்பவோ பாத்து வச்சிருக்கா. ஒரு வெரக்கட அளவுக்கு ஈரம் வெளிய நின்னுச்சு.

வியாபாரி சிரிக்கிறான். "பெருசு, அந்தச் சாயக்காரரு பேயி ஒங்கள்ட்ட ஏறிருச்சா?" எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. காட்ட வித்துட்டு மக வீட்டுக்குப் போயும் விட மாட்டேங்குறாரேன்னு. அந்தக் கோவத்துலயேதான் சொன்னேன். "ரெண்டு மாசம் கழிச்சு வாப்பா."

ரெண்டு மாசம் கழிச்சு இவ கைக்கு ஈரம் அடங்குச்சு. கொழம்பு வச்சா. ரெண்டு பேரும் தின்னோம். எனக்குத் தெரிஞ்சு போச்சு, வாயில வச்ச ஒடனயே. அதே மீனு. அதே இதழு. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா வராது, அவளாச் சொல்லணும்னு உக்காந்திருந்தேன். அவ கையக் கழுவுனா. பாத்திரத்தக் கழுவுனா. முந்தானையில கையத் தொடச்சுட்டு செல்போன எடுத்தா.

"அண்ணே, தங்கச்சி பேசுறேன். எங்க கொளத்து மீனுண்ணே. முள்ளுல ஒட்டலண்ணே. புளி உள்ள எறங்கியிருக்கு, சத அசையல. வயித்துப் பக்கம் கரையுது, ஒங்க மீனு மாதிரியே. இல்ல, ஒரு பொட்டுக் கூடன்னே சொல்லலாம்ணே. மொதத் துண்டத் தின்னுட்டு ரெண்டாவதுக்கு நானே சட்டிய எட்டிப் பாத்தேன்..."

அவ சொல்லிக்கிட்டே போறா. இத்தன வருசமா நான் கேக்கணும்னு கெடந்த பேச்சு. எம் மீனப் பத்தி. நான் மூணடி தள்ளி உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் வில்லாபுரத்துல அந்தாளு கட்டில்ல படுத்துக்கிட்டுக் கண்ண மூடியிருப்பாரு. எனக்குத் தெரியும்.

சொல்லி முடிச்சுட்டு செல்போன என்கிட்ட நீட்டுனா. "ஒங்களத்தான் கேக்குறாரு."

காதுல வச்சேன். மூச்சு வாங்குற சத்தம். "அண்ணே," ன்னாரு. "எந்தக் கை அளவுக்குப் பாத்தீக?"

எம்புட்டு வயசானாலும் அந்தாளு கேக்குற கேள்வி இருக்கே. என் கைதான்னு சொல்லிறலாம்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அவருக்கு எப்பிடித் தெரியப் போகுது?

"ஒங்க கை அளவுக்குத்தான்"னேன்.

மூச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டுச்சு. எண்ணிக்கிட்டிருந்தாரோ என்னமோ.

"அப்பச் சரிண்ணே. வல போடச் சொல்லுங்க"ன்னாரு.